கடலோரத்தில் பெரிய திட்டம் வருகிறதா? கருத்துக்கேட்புக்கு முன்னும் பின்னும் ஊர் செய்ய வேண்டியவை

பெரிய திட்டத்துக்கு அனுமதி கொடுக்கும் முன் ஊர் மக்களின் கருத்தைக் கேட்க அரசு நடத்துவதுதான் கருத்துக்கேட்புக் கூட்டம். நான் முதன்முதலில் போன கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் அதிகாரிகள், கீழே ஊர்க்காரர்கள், வாசலில் போலீஸ் வேன். ஒரு அம்மா மைக்கை வாங்கி நான்கைந்து நிமிடம் பேசினார். எந்த ஓடையில் எந்த மாதம் இறால் வரும், தண்ணீர் எவ்வளவு வடிந்ததும் இறங்குவார்கள், பனையோலைப் பறிக்கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் சேற்றைத் தடவி எப்படிப் பிடிப்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மண்டபமே அமைதியாகக் கேட்டது. சில வாரம் கழித்துக் கூட்டப் பதிவு கைக்கு வந்தது. அவர் பெயருக்கு எதிரே ஒரே வரி: ‘வாழ்வாதாரம் பாதிக்கப்படும் என்றார்.’ பக்கத்துக் கட்டத்தில் நிறுவனத்தின் பதில்: ‘அரசு விதிகளின்படி நடவடிக்கை எடுக்கப்படும்.’

அவர் சொன்னதை ஒரு தாளில் எழுதி, கையால் வரைந்த வரைபடம் ஒன்றை இணைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முத்திரையோடு நகல் வாங்கியிருந்தால் அந்த ஓடை கோப்புக்குள் போயிருக்கும். எங்களில் யாருக்கும் அப்போது அது தெரியாது. உங்கள் ஊருக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். துறைமுகம், அனல்மின் நிலையம், பெரிய ஆலை என்று எது வந்தாலும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். கையில் ஓர் உதாரணம் இருந்தால் புரிந்துகொள்ளச் சுலபம் என்பதால், பழவேற்காட்டுக்குத் தெற்கே உள்ள காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். 330 ஏக்கர் துறைமுகத்தை 6,110 ஏக்கராக்குவது, ஆண்டுக்கு 2.465 கோடி டன்னாக இருக்கும் சரக்குத் திறனை 32 கோடி டன்னாக்குவது, அதற்காகச் சுமார் 2,000 ஏக்கர் கடலைத் தூர்ப்பது, செலவு சுமார் 53,000 கோடி ரூபாய். முன்மொழிவில் இருந்த கணக்கு இது. இதற்கான கருத்துக்கேட்பு 2021 ஜனவரி 22-க்கு அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. மறுபடி 2023 செப்டம்பர் 5-க்கு அறிவிக்கப்பட்டு, அதுவும் தள்ளிப்போனது.

முதலில், கூட்டம் உண்டா இல்லையா என்று பாருங்கள்

மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் அடிப்படை. ஆண்டுக்கு 50 லட்சம் டன்னும் அதற்கு மேலும் சரக்கு கையாளும் துறைமுகம் ‘ஏ’ பிரிவில் வரும். முடிவு டில்லியில் எடுக்கப்படும். கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயம்.

ஆனால் எல்லாத் திட்டத்துக்கும் கூட்டம் கிடையாது. கட்டடத் திட்டங்கள், குடியிருப்பு நகரியங்கள் போன்றவற்றுக்கு அந்த அறிவிக்கையே விலக்கு கொடுத்திருக்கிறது. கடற்கரையில் பெரிய சொகுசு விடுதியோ வில்லாக் குடியிருப்போ வருகிறது என்றால், கூட்டம் போடுவார்கள், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். அங்கே உங்களுக்கு இருக்கும் வழிகள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள், ஊராட்சி, கட்டட அனுமதி கொடுக்கும் அலுவலகம் ஆகியவைதான். கீழே வரைபடம் பற்றியும் தகவல் உரிமை பற்றியும் சொல்வது உங்களுக்கும் பொருந்தும்.

நாளிதழ் விளம்பரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்

கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் அறிவிப்பு தர வேண்டும். ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் விளம்பரம் வரும். கேட்க நிறைய நாள் போலத் தெரியும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால் பதில் வரவும் 30 நாள் ஆகும். விளம்பரத்தைப் பார்த்த பிறகு மனு போட்டால் பதில் வருவதற்குள் கூட்டம் முடிந்துவிடும்.

அதனால் முன்கூட்டியே கண் வைத்திருக்க வேண்டும். மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் விண்ணப்பங்கள் ஏறும். ஒரு நிறுவனம் எதையெல்லாம் ஆய்வு செய்ய வேண்டும் என்று நிபுணர் குழு கொடுக்கும் ஆய்வு வரையறை அதில் கிடைக்கும். அது வெளியாகி, ஆய்வு நடந்து, திட்டத்தின் தாக்கம் பற்றிய வரைவு அறிக்கை தயாராகப் பல மாதங்கள் பிடிக்கும். அந்த மாதங்கள்தான் ஊருக்குக் கிடைக்கும் உண்மையான அவகாசம். மாவட்டத்தின் பெயர் போட்டு மாதம் ஒருமுறை தேடிப் பார்க்க, கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணையோ பையனையோ பொறுப்பாக வையுங்கள்.

அறிக்கையை வாங்குங்கள்

வரைவு அறிக்கையும் அதன் சுருக்கமும் மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அலுவலகம் ஆகிய இடங்களில் பொதுமக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும். சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். போய்க் கேட்கும்போது ‘இன்னும் வரவில்லை’, ‘சார் இல்லை’ என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் வாயால் சண்டை போடாமல், எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு வந்தோம், அறிக்கை இல்லை என்று சொன்னார்கள் என்று இரண்டு வரி எழுதி, அதே அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். பின்னால் வழக்கு என்று வந்தால் அந்த இரண்டு வரி பேசும்.

முழு அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம், ஆங்கிலத்தில். முழுவதையும் ஒருவரே படிக்க முடியாது. நான் முதலில் திருப்பிப் பார்ப்பது மூன்று இடங்களை. ஒன்று, அளவீடு எடுத்த மாதங்கள். மழைக்காலத்தைத் தவிர்த்து மூன்றே மாதம் எடுத்த அளவுகளை வைத்து எழுதிய அறிக்கைகள் நிறைய உண்டு. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் எங்கே நிற்கிறது, முகத்துவாரம் எப்போது திறக்கிறது என்பதெல்லாம் அந்த மூன்று மாதத்தில் தெரியாது. இரண்டு, நிலப் பயன்பாட்டுப் படம். நீங்கள் வலை காயப்போடும் இடம் அதில் ‘தரிசு’ என்று இருக்கிறதா பாருங்கள். மூன்று, மீன் வகைப் பட்டியல். உங்கள் ஊர்ப் பெண் ஒருவர் சந்தைக்குக் கொண்டுபோகும் மீன்களில் எத்தனை அதில் இல்லை என்று டிக் அடித்தாலே போதும், எவ்வளவு கவனமாக ஆய்வு செய்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

ஊரின் சொந்த வரைபடம்

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நிறுவனத்திடம் செயற்கைக்கோள் படம் இருக்கும், ஆலோசகர்கள் இருப்பார்கள். எந்த மாதம் எந்த இடத்தில் என்ன கிடைக்கும் என்பது உங்களிடம்தான் இருக்கிறது. அதைத் தாளுக்குக் கொண்டுவர வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடலுக்குப் போகாத நேரமாகப் பார்த்து, கோவில் வாசலிலோ ஏலக்கூடத்திலோ உட்காருங்கள். ஊர் பஞ்சாயத்தார் மட்டும் போதாது. மீன் விற்கும் பெண்கள், கருவாடு போடுகிறவர்கள், ஓடையில் இறங்கி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் எல்லாரும் வேண்டும். பெரிய சார்ட் தாளில் கரை, ஓடை, முகத்துவாரம், கோவில், பள்ளி என்று முதலில் போடுங்கள். அப்புறம் ஒவ்வொருவராக வந்து தங்கள் இடத்தைக் குறிக்கட்டும்: படகு ஏற்றும் இடம், கரைவலை இழுக்கும் இடம், வலை பின்னும் மரநிழல், கருவாட்டுத் திடல், நண்டு கிடைக்கும் சேறு, அலையாத்தி மரங்கள், ஆமை முட்டையிடும் மணல், மயானம், புயலில் ஓடி ஏறும் மேடு. இளைஞர்கள் போனில் ஜி.பி.எஸ். வைத்து அந்தந்த இடத்தில் நின்று புள்ளி எடுத்துச் சேர்க்கட்டும்.

பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை தலைமுறைகளாக இருக்கிறது. எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை போடுவது என்பதை முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். வெளியிலிருந்து வருகிறவருக்கு அது வெறும் தண்ணீர். உள்ளே இருப்பவருக்கு ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயர், ஒரு உரிமை, ஒரு முறைநாள் உண்டு. உங்கள் ஊரிலும் இதுபோல ஏதாவது ஏற்பாடு இருந்தால் அதை எழுத்தில் கொண்டுவாருங்கள்; பழைய நோட்டு, ஊர்த் தீர்மானம், ஏலக் கணக்கு எது இருந்தாலும் நகல் எடுங்கள்.

வரைபடத்தோடு ஒரு காலண்டரும் போடுங்கள். சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு கட்டம். ஒவ்வொரு மாதமும் எந்தக் காற்று, எந்த மீன், எந்த வலை, சுமாராக என்ன வருமானம். கடைசியில், கூடியிருந்தவர்கள் கையெழுத்தோ கைரேகையோ வைத்துத் தேதி போடட்டும். இதே வாரத்தில் கரையின் நிலையைப் படம் எடுத்து வையுங்கள். முகத்துவாரத்தின் அகலம், வீட்டு வாசலிலிருந்து கடல் எத்தனை அடி என்று நாடா வைத்து அளந்து எழுதுங்கள். நாளைக்குக் கரை அரித்தால், முன்னால் எப்படி இருந்தது என்று காட்ட வேறு எதுவும் இருக்காது.

மணல் எங்கே போகும் என்று கேளுங்கள்

துறைமுகம் என்றால் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி இது. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகிறது. வாடைக்காற்றுக் காலத்தில் கொஞ்சம் திரும்பி வரும். மொத்தக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே அலைத்தடுப்புச் சுவர் கட்டினால் மணல் தெற்கே தேங்கும், வடக்கே கரை பட்டினி கிடக்கும். சென்னைத் துறைமுகம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த பிறகு தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரித்து, இன்று பாறாங்கல்லாகக் கொட்டிக் கிடப்பதும் இதனால்தான். புதுச்சேரியில் 1980-களின் இறுதியில் துறைமுகம் கட்டியபின் நகரத்துக் கடற்கரை மணல் மறைந்தது.

அதனால் கூட்டத்தில் ‘கடல் அரிக்கும்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். இப்படிக் கேளுங்கள்: உங்கள் சுவருக்கு வடக்கே எத்தனை கிலோமீட்டர் வரை ஆய்வு செய்தீர்கள்? எங்கள் ஊர் அதில் வருகிறதா? ஆண்டுக்கு எவ்வளவு மணல் தடைபடும்? அதைத் தெற்கிலிருந்து எடுத்து வடக்கே போடுவீர்களா, எத்தனை ஆண்டுக்கு, யார் செலவில்? தூண்டில் வளைவு போடுவோம் என்றால், அந்த வளைவுக்கும் வடக்கே இருக்கும் அடுத்த ஊருக்கு என்ன ஆகும்? காட்டுப்பள்ளியில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றின் கழிவெளியும். நடுவே மெல்லிய மணல்திட்டு. வடக்கே இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு ஏரி. அந்தத் திட்டு உடைந்தால் ஏரியும் கடலும் கலந்துவிடும் என்பதுதான் அங்குள்ள மீனவர்களின் பயம்.

அக்கம்பக்கத்து ஊர்களோடு சேர்ந்து கேட்பதும் இதற்காகவே அவசியம். திட்டம் வரும் ஊரை விட வடக்கே பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊருக்கு அதிக அடி விழலாம்.

அரசின் வரைபடத்தையும் சரிபாருங்கள்

கடலில் உயர் அலைக் கோட்டிலிருந்து நிலத்துப் பக்கம் 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். கடல்நீர் ஏறி இறங்கும் ஓடைகள், கழிமுகங்களின் கரைகளுக்கும் விதி உண்டு. அலையாத்தி, மணல்மேடு, சதுப்பு, ஆமை முட்டையிடும் இடம் போன்றவை அதிகப் பாதுகாப்பு உள்ள முதல் வகையில் வரும். இவற்றையெல்லாம் காட்டும் அதிகாரபூர்வ வரைபடத்தில் உங்கள் இடங்கள் இருக்கின்றனவா என்று, நீங்கள் போட்ட வரைபடத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

வரைபடத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைக்க வேண்டாம். எண்ணூர்க் கழிமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த வரைபடத்தில் அது பாதுகாக்கப்பட்ட பகுதி. பின்னால் புழக்கத்துக்கு வந்த வேறொரு வரைபடத்தில் கழிமுகத்தின் பெரும்பகுதியைக் காணவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய தாள்களை வைத்துத்தான் 2017 வாக்கில் மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் இதை வெளியே கொண்டுவந்தார்கள்.

தகவல் உரிமை மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. ‘ஏன் அனுமதி கொடுத்தீர்கள்’ என்று கேட்காமல் ‘இன்ன தேதியிட்ட இன்ன ஆவணத்தின் நகல்’ என்று கேளுங்கள். காரணம் கேட்டால் மழுப்பலாம், நகல் கேட்டால் கொடுக்க வேண்டும். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

கிராம சபையை மறந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள் கூடுகிறது. அங்கே போடும் தீர்மானம் திட்டத்தைத் தானாக நிறுத்திவிடாது. ஆனால் ஊரின் நிலை என்ன என்பதற்கு அது அரசுப் பதிவேட்டிலேயே இருக்கும் சான்று. தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடித்து, நகல் கைக்கு வரும்வரை எழுந்து போகாதீர்கள்.

எழுத்தில் கொடுப்பது

கூட்டத்துக்கு வர முடியாதவரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் கருத்து அனுப்பலாம். ஆயிரம் பேர் ஒரே அச்சடித்த கடிதத்தில் கையெழுத்துப் போடுவதை விட, ஐம்பது பேர் தங்கள் சொந்த விவரத்தை எழுதுவது கனமானது என்பது என் அனுபவம். ஒரு பக்கம் போதும். நான் யார், எத்தனை ஆண்டாக என்ன தொழில், இணைப்பு வரைபடத்தில் என் இடம் எது, அறிக்கையின் எந்தப் பக்கத்தில் அதைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது அல்லது சொல்லவில்லை, என் கேள்வி என்ன. எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதி, படித்துக் காட்டி, கைரேகை வாங்கலாம். இரண்டு நகல், ஒன்றில் முத்திரை. நேரில் போக முடியாவிட்டால், கிடைத்ததற்கு ஒப்புகை வரும்படி விரைவுத் தபால்.

வேலை கிடைக்கும் என்று திட்டத்தை விரும்புகிறவர்களும் ஊரில் இருப்பார்கள். அவர்களோடு பகை வேண்டாம். அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு என்ன வேலை, நிரந்தரமா ஒப்பந்தமா, என்ன படிப்பு வேண்டும், எத்தனை இடம் உள்ளூருக்கு என்பதை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். அந்தக் கேள்வியும் பதிவில் ஏறட்டும்.

கூட்டத்தன்று

ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் தகுதிக்குக் குறையாத அவரது பிரதிநிதியோ தலைமை வகிக்க வேண்டும். வாரியத்தின் பிரதிநிதி உடன் இருப்பார். முழுக்க வீடியோ எடுக்க வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற கணக்குக் கிடையாது. ஊர் புறக்கணித்தாலும் கூட்டம் நடந்ததாகவே பதிவாகும். புறக்கணிப்பதா கலந்துகொள்வதா என்று ஊர் முடிவெடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

காலையிலேயே போய் வருகைப் பதிவில் பெயர் எழுதுங்கள். வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. பெண்கள் முதல் வரிசையில் உட்காரட்டும், இல்லாவிட்டால் அவர்கள் முறை வருவதற்குள் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும். ஆளுக்கு ஒரு விஷயம் என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் மணல், ஒருவர் ஓடை, ஒருவர் குடிநீர், ஒருவர் படகுப் பாதை. பேசி முடித்ததும் எழுத்துப் பிரதியை மேடையில் கொடுத்து, ‘ஐயா, இதையும் பதிவில் சேர்க்க வேண்டும்’ என்று மைக்கிலேயே சொல்லுங்கள். அது வீடியோவில் இருக்கும்.

பலரும் செய்யும் தவறு, தாங்கள் பேசியதும் கிளம்பிவிடுவது. கூட்டத்தின் சுருக்கத்தைக் கடைசியில் தமிழில் படித்துக் காட்டி, அன்றே ஆட்சியர் தரப்பில் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. குறைந்தது இருபது பேராவது அதுவரை உட்காருங்கள். விட்டுப்போனதை அங்கேயே எழுந்து சொல்லுங்கள். ‘வாழ்வாதாரம் பாதிக்கப்படும் என்றார்’ என்று படித்தால், எந்த ஓடை, எந்த மாதம் என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

அதன் பிறகு

கூட்டம் முடிந்த எட்டு நாளில் பதிவு மேலே போய்விடும். ஊராட்சி அலுவலகத்திலும் அதை ஒட்ட வேண்டும், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நிபுணர் மதிப்பீட்டுக் குழு கூடும் தேதியும் நிகழ்ச்சி நிரலும் பரிவேஷில் வரும். அதற்கு முன்பே உங்கள் மனு, வரைபடம், பதிவில் விட்டுப்போனவை எல்லாவற்றையும் அந்தக் குழுவுக்கு அனுப்பலாம்.

அனுமதி கொடுத்துவிட்டால், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அதைத் தாண்டினால் கதவு மூடிவிடும். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் ஏற்பாடு செய்ய வேண்டும். இருளர் குடும்பங்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

திட்டம் வந்தே விட்டாலும் கோப்பை மூட வேண்டாம். அனுமதிக் கடிதத்தில் நிபந்தனைகள் இருக்கும். அவற்றை எப்படி நிறைவேற்றினோம் என்று நிறுவனம் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அறிக்கை தர வேண்டும். அந்த நாட்களை ஊர் நோட்டில் குறித்து வையுங்கள். அதே வாரத்தில் நாடாவை எடுத்துக்கொண்டு போய், முதல்முறை அளந்த அதே வீட்டு வாசலிலிருந்து கடல் எத்தனை அடி என்று மறுபடி அளந்து, தேதி போட்டு, கோப்பில் சேருங்கள்.